ஐந்தாவது எலுமிச்சம்பழம்

எங்கள் மாமா கார் வாங்கினார்.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். கல்வராயன் மலையில் பள்ளிக்கூட வாத்தியார். வீடு கள்ளக்குறிச்சியில். தினமும் கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டி, மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறி, முதல் மணி அடிப்பதற்குள் வெள்ளிமலைப் பக்கம் போய்ச் சேர வேண்டும். பஸ்ஸில் தொங்கி, வேனில் மடங்கி, பைக்கில் நனைந்து பத்து வருஷம் தள்ளிய மனிதர், 2023 ஆகஸ்ட்டில் துணிந்து பாங்க்கில் கடன் போட்டு ஒரு டீசல் கார் வாங்கினார். என்ன கம்பெனி என்று கேட்காதீர்கள். சொன்னால் மானநஷ்ட வழக்கு வரும். அப்புறம் இந்தப் பத்தியை யார் எழுதுவது?

டெலிவரி அன்று குடும்பமே ஷோரூமுக்குப் போயிருந்தது. மாலை, சந்தனம், குங்குமம், அப்புறம் நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். "மெதுவா... மெதுவா ஏத்துங்க..." சதக், சதக், சதக், சதக். திருஷ்டி கழிந்தது. கதவு உயரத்துக்கு ஒரு அட்டைச் சாவியைக் கையில் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். அந்த போட்டோவில் மாமா சிரித்த சிரிப்பைக் கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை.

அமெரிக்காவில், வாங்கிய நாளிலிருந்து ஓயாமல் மக்கர் பண்ணும் புதுக் காருக்கு என்ன பெயர் தெரியுமா? 'லெமன்'. அதாவது எலுமிச்சம்பழம்! நாங்கள் நாலு எலுமிச்சையை நசுக்கிவிட்டு ஐந்தாவதை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறோம் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

*

மூன்று மாதம் ஒன்றுமில்லை. நாலாவது மாதம் மலையேறும்போது, ஒரு வளைவில், டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு என்ஜின் படம் எரிந்தது. அவ்வளவுதான். அக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி மாட்டு வண்டி வேகத்துக்கு மேல் போகவில்லை. ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணி, பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் செய்தால், எதுவுமே நடக்காத மாதிரி ஓடியது. மாமியார் வந்ததும் நல்ல பிள்ளையாகிவிடும் மாப்பிள்ளை மாதிரி.

சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார். சாயங்காலம் சர்வீஸ் அட்வைஸர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஸார், ஹைவேஸ்ல நாப்பது கிலோமீட்டர் ஓட்டிப் பாத்துட்டோம். வெண்ணெய் மாதிரி போகுது."

"ஹைவேஸ்ல போகும் தம்பி. மலையில ஏறிப் பாத்தீங்களா?"

"மலை எங்க டெஸ்ட் ரூட்ல இல்லையே ஸார்!"

சேலம் - உளுந்தூர்ப்பேட்டை ரோட்டில் ஓடாத கார் உண்டா? கோலிக்குண்டை விட்டால்கூட ஓடும். வியாதி மலையில், வைத்தியம் சமவெளியில். இப்படியே ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் வண்டி ரெண்டு நாள், மூன்று நாள் அங்கே நிற்கும். மாமா மறுபடி பஸ்ஸில் தொங்குவார். இ.எம்.ஐ. மட்டும் ஒரு நாள்கூட மக்கர் பண்ணாமல், ஐந்தாம் தேதி காலையில் பாங்க் கணக்கிலிருந்து போய்விடும்.

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்காவையும் ஆறு வயசுப் பையனையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறார். முன்னால் ஊர்ந்து போன டிராக்டரைத் தாண்ட வலது பக்கம் ஏறியாயிற்று. பாதித் தாண்டலில் அந்த மஞ்சள் விளக்கு. வண்டி அப்படியே தொய்ந்துவிட்டது. எதிரே மேலிருந்து பஸ் இறங்குகிறது. பஸ் டிரைவர் புண்ணியவான், மலை தெரிந்தவர். ஒடித்து, பாறைப் பக்கம் உரசிக்கொண்டு நிறுத்திவிட்டார். பையன், "அப்பா, பஸ் ஏன் கிட்டக்க வந்துச்சு?" என்று கேட்டானாம். மாமாவால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்றிலிருந்து அக்கா அந்தக் காரில் ஏறுவதில்லை. ஏறாத காருக்கு மாசாமாசம் தவணை!

*

ஜூன் முதல் வாரம் மாமா ஒரு மஞ்சப்பையோடு என் வீட்டுக்கு வந்தார்.

"மாப்ளே, நீ பி.காம். தானே? சட்டமெல்லாம் படிச்சிருப்பியே?"

மெர்க்கன்டைல் லா என்று ஒரு பேப்பர் இருந்தது வாஸ்தவம்தான். இரண்டாவது அட்டெம்ப்ட்டில் பாஸ் பண்ணினேன். அதிலிருந்து ஞாபகம் இருப்பது ஒரே வரி: வாங்குகிறவனே, ஜாக்கிரதை! அதாவது பொருளைப் பார்த்து வாங்க வேண்டியது உன் பொறுப்பு. அப்புறம் வந்து அழாதே. 1930-ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே இதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. எதற்காக வாங்குகிறேன் என்று சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், சரக்கு அந்த வேலைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். அந்த விதிவிலக்கு வந்த கேள்வியைத்தான் நான் சாய்ஸில் விட்டிருந்தேன்.

மஞ்சப்பையைக் கவிழ்த்தார். ஆறு ஜாப் கார்டுகள். எடுத்துப் படித்தேன்.

முதல் கார்டு: 'ஜெனரல் செக்கப். வாட்டர் வாஷ்.' இரண்டாவது: 'ஜெனரல் செக்கப். ஆயில் டாப்-அப்.' மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது, ஆறாவது, அதே பல்லவி. ஆறிலும் கீழே, 'வேலை திருப்தி' என்று அச்சடித்த வரிக்கு அடியில், மாமாவின் அழகான கையெழுத்து.

"மாமா, இதுல மலையில வண்டி ஏறலைங்கற விஷயமே இல்லையே?"

"வாயால சொன்னேனே மாப்ளே. ஒவ்வொரு தடவையும் தொண்டை கிழியச் சொன்னேன்."

"கையெழுத்து?"

"போட்டாத்தான் சாவி தருவோம்னாங்க."

சின்ன 'ர'வுக்குப் பதில் பெரிய 'ற' போட்ட பையனுக்கு அரை மார்க் குறைக்கும் மனிதர். வருஷத்துக்கு ஆயிரம் விடைத்தாளை வரி விடாமல் படிக்கிறவர். தன் பத்து லட்ச ரூபாய்க்கு வந்த ஆறு தாளைப் படிக்காமல் பாஸ் போட்டிருக்கிறார்!

காகிதத்தின்படி பார்த்தால், எங்கள் மாமா தன் ஆரோக்கியமான காரை ஆறு தடவை ஆசையாகக் குளிப்பாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வாரன்டி முடிய இன்னும் எட்டு வாரம்.

*

ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். (பரீட்சைக்குப் படித்திருந்தால் முதல் அட்டெம்ப்ட்டிலேயே பாஸாகியிருப்பேன்.)

அமெரிக்காவில் எலுமிச்சைக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. 'லெமன் லா'. 1982-ல் கனெக்டிகட் மாநிலம் ஆரம்பித்து வைத்தது. இன்று எல்லா மாநிலங்களிலும் உண்டு. கனெக்டிகட் கணக்கு சுலபம்: ஒரே கோளாறுக்கு நாலு தடவை ரிப்பேர் பார்த்தும் தீரவில்லை, அல்லது வண்டி மொத்தம் 30 நாள் ஒர்க்ஷாப்பிலேயே கிடந்தது என்றால் அது எலுமிச்சை என்று எடுத்துக்கொள்ளலாம். மாற்று வண்டியோ பணமோ கேட்கலாம்.

மாமா விரல் விட்டு எண்ணினார். "நாம ஆறு தடவை போயாச்சே மாப்ளே!"

"ஆச்சு மாமா. ஆனா நம்ம ஊர்ல இத்தனை தடவைன்னு எண்ணிக்கை போட்ட சட்டம் இல்லை."

நம்மிடம் இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1986-ல் வந்தது. அதை எடுத்துவிட்டு 2019-ல் புதுச் சட்டம் போட்டு, 2020 ஜூலையில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஊறுகாய் பாட்டிலுக்கும் அதே சட்டம்தான், காருக்கும் அதே சட்டம்தான். பொருளில் குறை நிரூபணமானால், குறையை நீக்கு, புதுசு கொடு, வட்டியோடு பணத்தைத் திருப்பு, நஷ்டஈடு தா என்று இதில் எதை வேண்டுமானாலும் உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

'நிரூபணமானால்' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? முழுக் கதையும் அங்கேதான் இருக்கிறது. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன சில கார்களைப் பார்ப்போம்.

முதல் கார். மாருதி கம்பெனிக்கும் ஒரு வாடிக்கையாளருக்கும் நடந்த வழக்கு, தீர்ப்பு 2006-ல். கிளட்ச் தகராறு. தேசிய ஆணையம் புதுக் கார் கொடு என்று சொல்லியிருந்தது. சுப்ரீம் கோர்ட் வாரன்டி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தது. குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவோம் என்றுதான் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது; காரையே மாற்றுவோம் என்று எழுதவில்லை. ஆகவே புதுக் கார் கிடையாது, பணமாக நஷ்டஈடு மட்டும் என்று முடித்துவிட்டது. பல் வலிக்குப் பல்லைப் பிடுங்கலாம், தலையை மாற்றச் சொல்லாதே என்கிற மாதிரி.

இரண்டாவது கார் ஃபியட். தீர்ப்பு 2010 நவம்பரில். என்ஜினையே ஒரு தடவை மாற்றிக் கொடுத்தும் சண்டை ஓயவில்லை. கோர்ட் என்ன சொன்னது? இரண்டு தரப்பையும் சேராத ஒரு தொழில்நுட்ப நிபுணர் வண்டியைப் பார்க்கட்டும். பிறவிக் கோளாறு என்று அவர் சொன்னால் காரின் விலையை வட்டியோடு திருப்பிக் கொடு. ஆக, உங்கள் கோபத்தைவிட நிபுணரின் ஒரு பக்க அறிக்கைக்குக் கனம் அதிகம்.

மூன்றாவது, ஹூண்டாய் க்ரெட்டா. 2017-ல் விபத்து, ஏர்-பேக் விரியவில்லை. தீர்ப்பு 2022-ல். இந்த வேகத்துக்கு, இந்த விசைக்கு ஏர்-பேக் விரியுமா என்று கணக்குப் போட வாடிக்கையாளர் என்ன பிஸிக்ஸ் வாத்தியாரா என்கிற தோரணையில் கோர்ட் சொல்லிவிட்டது. சிலவற்றுக்கு நிபுணர் வேண்டாம், நடந்ததே சாட்சி. ஆனால் அதற்கு விபத்து வேண்டும். அந்த வழி நமக்கு வேண்டவே வேண்டாம்.

நாலாவது, பி.எம்.டபிள்யூ. 2009 செப்டம்பரில் வாங்கிய கார். சில நாட்களிலேயே தகராறு. உரிமையாளர் தரப்பு நேரே போலீஸுக்குப் போய் மோசடி வழக்குப் போட்டது. 2012-ல் ஹைகோர்ட் அந்த வழக்கை ரத்து செய்து, ஆனால் புதுக் கார் கொடு என்றது. கம்பெனி தரத் தயாராக இருந்தது. உரிமையாளர் தரப்பு காசுதான் வேண்டும் என்றது. கடைசியில் சுப்ரீம் கோர்ட், 50 லட்சம் ரூபாய் கொடுத்துக் கணக்கை முடியுங்கள் என்று சொன்னது 2024 ஜூலையில். கார் வாங்கிய வருஷம் பிறந்த குழந்தை அதற்குள் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டது.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்ப நமக்கு வழியே இல்லையா மாப்ளே?"

இருக்கிறது மாமா. ஆனால் அது கோர்ட் வாசலில் ஆரம்பிப்பதில்லை. சர்வீஸ் சென்டர் கவுன்டரில் ஆரம்பிக்கிறது.

*

கார், பைக், ஸ்கூட்டர் எது வைத்திருந்தாலும், இதை வெட்டி டாஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: ஜாப் கார்டில் குறை உங்கள் வார்த்தையில் இருக்க வேண்டும். 'ஜெனரல் செக்கப்' என்று எழுதினால் பேனாவைப் பிடுங்குங்கள். 'மலை ஏற்றத்தில், இரண்டாவது கியரில், மஞ்சள் விளக்கு எரிந்து இழுவை போகிறது. இது ஏழாவது முறை' என்று எழுதச் சொல்லுங்கள். தேதி, கிலோமீட்டர், காப்பி மூன்றும் வேண்டும். வண்டியை எடுக்கும்போது, கோளாறு தீராவிட்டால் 'குறை தீரவில்லை, எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று கையெழுத்துக்கு மேலே எழுதுங்கள்.

இரண்டு: ஸ்கேனர் போட்டுப் பார்த்தால் அதில் வரும் கோளாறு கோடு என்ன என்று பிரிண்ட் கேளுங்கள். அழிப்பதற்கு முன்னால் கேளுங்கள். அழித்த பிறகு அது போர்டில் துடைத்த கணக்கு. யார் போட்டது, என்ன போட்டது என்று ஒருத்தருக்கும் தெரியாது.

மூன்று: டீலரிடம் மட்டும் சொல்லாமல் கம்பெனிக்கும் ஈமெயில் போடுங்கள். டீலர் வேறு, தயாரிப்பாளர் வேறு. கோவாவில் ஒரு டீலர் 2009 மாடல் காரை 2011 மாடல் என்று விற்ற வழக்கில், கம்பெனிக்கு அதில் பங்கு இருந்ததாக நிரூபணமாகவில்லை என்று டாடா மோட்டார்ஸை 2021-ல் சுப்ரீம் கோர்ட் விடுவித்துவிட்டது. கம்பெனிக்குத் தெரியும் என்பதற்கு உங்கள் கையில் காகிதம் வேண்டும். வழக்கு என்று வந்தால் இரண்டு பேரையும் சேருங்கள்.

நாலு: நம் பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். தவறிய சர்வீஸ், வெளியே ஒயரை வெட்டிப் போட்ட ஹாரன், சந்தையில் வாங்கி மாட்டிய லைட், இதெல்லாம் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நாம் கொடுக்கும் தீபாவளி இனாம்.

ஐந்து: இது உங்கள் ஒரு வண்டிக்கு வந்த வியாதியா, அந்தக் குலத்துக்கே வந்த வியாதியா என்று பாருங்கள். ரீகால் அறிவித்திருக்கிறார்களா என்று சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் கம்பெனி வெப்சைட்டிலேயே தெரியும். பாதுகாப்புக் குறை என்று போதிய புகார் சேர்ந்தால், ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லி அரசே உத்தரவிடும் விதி 2021 ஏப்ரலிலிருந்து இருக்கிறது.

ஆறு: 1915. தேசிய நுகர்வோர் உதவி எண். காசு கிடையாது. தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். கம்பெனிக்கு எழுதிக் கேட்பார்கள். பல கம்பெனிகளுக்கு அந்தக் கேள்வியே போதும்.

ஏழு: அதுவும் நடக்காவிட்டால், தபாலில் நோட்டீஸ். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்டத்திலேயே போடலாம். ஃபீஸ், 5 லட்சம் வரை கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய். 20 லட்சம் வரை 400 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. ஆன்லைனிலும் போடலாம். முக்கியமாக, கம்பெனி தலைமையகம் குர்கானில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற, வேலை பார்க்கிற ஊருக்கு உரிய ஆணையத்தில் போடலாம். இது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. குறையைச் சாதாரணமாகக் கண்டுபிடிக்க முடியாது என்றால் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லியும் மனு போடலாம். அதற்கான செலவை நீங்கள் முன்பணமாகக் கட்ட நேரலாம்.

கெடு இரண்டு வருஷம். பிரச்னை முளைத்த நாளிலிருந்து எண்ணுவார்கள். 'அடுத்த வாரம் சரி பண்ணிடலாம் ஸார்' என்று நூறு வாரம் ஓட்டினால் கெடு ஓடிவிடும். மூன்று மாதத்தில், பரிசோதனை இருந்தால் ஐந்து மாதத்தில் தீர்ப்பு சொல்ல முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முயல வேண்டும் என்றுதான் சொல்கிறது. பொறுமைக்கும் ஒரு வாரன்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

*

இதையெல்லாம் மாமாவுக்குப் படித்துக் காட்டியபோது, பக்கத்து வீட்டுத் தம்பி ஒருத்தர் குறுக்கிட்டார். மலைக்கு டாக்ஸி ஓட்டுகிறவர்.

"அண்ணே, எனக்கும் இது பொருந்துமா? வாடகை வண்டி வச்சிருக்கவன் வியாபாரி, நுகர்வோர் இல்லைன்னு ஷோரூம்ல சொல்றாங்களே?"

பாதி உண்மை. லாபத்துக்காகப் பத்து வண்டி வாங்கி ஆள் வைத்து ஓட்டினால் அவர் வியாபாரி. தன் பிழைப்புக்காக ஒரு வண்டி வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான். 1995-ல் சுப்ரீம் கோர்ட் டாக்ஸி உதாரணத்தையே சொல்லி விளக்கியிருக்கிறது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. சம்பந்தப்பட்ட ஒரு இயந்திர வழக்கு அது. புதுச் சட்டத்திலும் அந்த விளக்கம் அப்படியே இருக்கிறது. தம்பி முகத்தில் வந்த வெளிச்சம், அந்த மஞ்சள் விளக்கைவிடப் பிரகாசம்.

*

ஏழாவது தடவை மாமா சர்வீஸ் சென்டருக்குப் போனபோது நானும் கூடப் போனேன். ஜாப் கார்டு வந்தது. 'ஜெனரல் செக்...' என்று ஆரம்பித்த பேனாவை மாமா, "தம்பி, ஒரு நிமிஷம்" என்று வாங்கினார். அவரே எழுதினார். அச்சடித்தது போல் எட்டு வரி. காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் சரியாக.

பிறகு அமைதியாகச் சொன்னார்: "நீங்க ஓட்டிப் பாக்க வேண்டாம். நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க. மலைக்குப் போவோம்."

"ஸார், எங்க ரூட்ல..."

"வரலைன்னா, வர மறுத்தாங்கன்னு இதே கார்டுல எழுதிடறேன்."

வந்தார். மடியில் லேப்டாப், அதிலிருந்து ஒரு ஒயர் காருக்குள். கோமுகி அணை வரை பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார். மலை ஏற ஆரம்பித்தோம். இந்த மலை கொஞ்சம் பிடிவாதம். 1976 வரை இங்கே ஜாகீர்தார்கள் ஆட்சிதான். அதற்குப் பிறகுதான் முழுசாக அரசாங்கத்தின் கைக்கு வந்தது. சட்டமே இவ்வளவு தாமதமாக ஏறிய மலையில் எங்கள் கார் எம்மாத்திரம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அதே வளைவு, அதே மஞ்சள் விளக்கு. வண்டி நொண்ட ஆரம்பித்தது. பின்னால் ஹாரன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக, கார் மக்கர் பண்ணியதும் மாமா சிரித்தார்.

அட்வைஸர் லேப்டாப்பைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். அப்புறம் பாட்டை அணைத்தார். "ஸார்... இதுலயா தினமும் போறீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கம்பெனிக்காரர் காணாமல் போய் ஒரு மனுஷர் வந்துவிட்டிருந்தார். டீக்கடை ஓரம் நிறுத்தி, பானெட் மேல் ஜாப் கார்டை வைத்து, தன் கையாலேயே எழுதினார்: 'ஏற்றத்தில் குறை நேரில் பார்க்கப்பட்டது.' கீழே கோளாறு கோடு, தேதி, கையெழுத்து.

ஆறு தடவை தொண்டை கிழியச் சொல்லி வராதது, ஒரு வரியில் வந்தது.

அந்த ஒரு தாளின் காப்பியோடு கம்பெனிக்கு ஈமெயில், 1915-ல் புகார், பதிவுத் தபாலில் நோட்டீஸ். மூன்றாவது வாரம் கம்பெனியிலிருந்து என்ஜினீயர் ஒருவர் வந்தார். டர்போவில் கோளாறு. காசு கொடுத்து மாற்றினால் லட்சத்தை நெருங்கும் சமாச்சாரம். வாரன்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். அப்போது வாரன்டி முடிய இன்னும் பத்து நாள்தான் இருந்தது. ஏழாவது தடவையும் குளிப்பாட்டிக்கொண்டு வந்திருந்தால் அந்த லட்சமும் மாமா தலையில்தான்.

புதுக் கார் கிடைத்ததா? இல்லை. மாமா கேட்கவும் இல்லை. "ஓடற வண்டி போதும் மாப்ளே. பதினஞ்சு வருஷம் கேஸ் நடத்த எனக்கு சர்வீஸ் இல்ல" என்றார். ஆனால் அந்த ஃபைலைத் தூக்கிப் போடவில்லை. மறுபடி விளக்கு எரிந்தால் ஆணையத்துக்குப் போக எல்லாம் தயார். தேதிவாரியாக, நூல் கட்டி, பீரோவில், வீட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்தில்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மலைக்குப் போனோம். அக்கா ஒன்றும் சொல்லாமல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அந்த வளைவு வந்தபோது காருக்குள் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. எல்லார் கண்ணும் டாஷ்போர்டில். விளக்கு எரியவில்லை. "அப்பா, எல்லாரும் ஏன் அமைதியா இருக்கீங்க?" என்றான் பையன். இந்தத் தடவை மாமாவால் பதில் சொல்ல முடிந்தது.

"ஒண்ணுமில்லடா. பரீட்சை ரிசல்ட்."

போன வாரம் சாதாரண சர்வீஸுக்கு விட்டு எடுத்தாராம். ஜாப் கார்டை நீட்டியிருக்கிறார்கள். மாமா சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து, இரண்டு எழுத்துப் பிழைகளைச் சுழித்துத் திருத்திவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாராம்.

மார்க் எவ்வளவு போட்டார் என்று தெரியவில்லை.